எடுக்கலையா தம்பி?

வத்தலக்குண்டுக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஓர் அக்கா வந்திருந்தார். முளைப்பாரிக் கும்மி பாடுகிறவர். அறுபதை நெருங்கும் வயது. பஸ் மாறி வந்து, மாடிப்படி ஏறி, மூச்சு வாங்க உட்கார்ந்தார். தண்ணீர் கொடுத்தேன். மைக் உயரத்தைச் சரி பண்ணிவிட்டு, ஹெட்போனை மாட்டிவிட்டு, கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்தேன். பாட்டைப் பதிவு செய்கிற மென்பொருளில் புது ப்ராஜெக்ட் திறக்க வேண்டும். எந்த ஃபோல்டரில் வைக்க என்று கேட்டது, சொன்னேன். சாம்பிள் ரேட் என்ன, அதாவது சத்தத்தை நொடிக்கு எத்தனை தடவை அளக்க வேண்டும் என்று கேட்டது, அதையும் சொன்னேன். ட்ராக் சேர்த்தேன். அந்த ட்ராக்குக்கு எந்த இன்புட் என்று தேடிக்கொண்டிருந்தபோது, அக்கா தொண்டையைச் சரி பண்ணுகிற மாதிரி மெல்ல ஆரம்பித்தார்.

தொண்டையைச் சரி பண்ணவில்லை. பாடவே ஆரம்பித்துவிட்டார். முதல் அடி, அதற்கு மேல் இரண்டு கண்ணி, நடுவில் தானே கையைத் தட்டிக்கொண்டு. கண்ணை மூடியிருந்தார். ஊர்ப் பொட்டலில் முளைப்பாரிச் சட்டிகளைச் சுற்றி வருகிற நினைப்பில் இருந்தார் போலிருக்கிறது. நான் மவுஸில் கை வைத்தபடி அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"எடுத்துட்டியா தம்பி?"

"இல்லக்கா, இப்பத்தான் ரெடி பண்றேன்."

"எடுக்கலையா? முழுசாப் பாடிட்டேனே!"

அப்புறம் ஏழு டேக் எடுத்தோம். ஏழிலும் நன்றாகத்தான் பாடினார். ஆனால் எடுக்காமல் விட்ட அந்த ஒன்று மாதிரி எதுவும் வரவில்லை. அன்று ராத்திரி அந்த மென்பொருளைக் கம்ப்யூட்டரிலிருந்து தூக்கினேன். அதன்மேல் ஒரு குற்றமும் இல்லை. அது கேட்ட கேள்விகளெல்லாம் நியாயமானவை. என் அறைக்கு அது சரிப்படவில்லை, அவ்வளவுதான்.

வீட்டில் ஸ்டூடியோ போடப் போகிறேன், எந்த சாஃப்ட்வேர் வாங்கலாம் என்று மாதம் இரண்டு பேராவது என்னிடம் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் போனில் அரை மணி நேரம் பேசித் தீர்க்க முடியவில்லை என்பதால் இதை எழுதுகிறேன்.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நான் சொல்வதை எந்த அளவுக்கு எடுத்துக்கொள்வது என்று தெரியாது. மெல்லிசைக் குழுவில் பதினைந்து வருடம் கீபோர்டு வாசித்தவன். இப்போது பகலில் ஜெராக்ஸ் கடை, ராத்திரியில் மாடி அறை. பத்துக்குப் பத்து. சுவர் ஓரமாகப் பழைய இலவம்பஞ்சு மெத்தைகளை நிறுத்தி வைத்திருக்கிறேன். டேக் எடுக்கும்போது ஃபேனை நிறுத்துவோம், பாட்டு முடிந்ததும் போட்டியிட்டுக்கொண்டு ஃபேனுக்கு அடியில் போய் நிற்போம். வருகிற வேலை: துணிக்கடை, நகைக்கடை ஆட்டோ விளம்பரம், கோயில் கமிட்டிக்காரர்களின் அம்மன் பாட்டு, சிறுசுகள் பள்ளி விழாவுக்குப் பாடக் குரல் இல்லாத மைனஸ் ஒன் ட்ராக், எப்போதாவது இந்த அக்கா மாதிரி ஒருவர். சினிமாப் பின்னணி இசை செய்கிறவருக்கு என் யோசனை அவ்வளவாகப் பயன்படாது.

இந்த வகை மென்பொருளுக்கு டிஏடபிள்யூ, அதாவது டிஜிட்டல் ஆடியோ வொர்க்ஸ்டேஷன் என்று பெயர். விவரம் தெரிந்தவர்கள் சுருக்கமாக 'டா' என்பார்கள். நான் மரியாதையாக மென்பொருள் என்றே சொல்லிவிடுகிறேன்.

என் முதல் மென்பொருள் திருட்டு. மறைக்க ஒன்றுமில்லை. அந்தக் காலத்தில் எங்கள் வட்டாரத்தில் ஒரிஜினல் வைத்திருந்தவர் யாரையும் நான் பார்த்ததில்லை. சென்னையில் ஒரு பெரிய ஸ்டூடியோவில் இதைத்தான் வைத்திருக்கிறார்கள் என்று ஒருவர் சொன்னார், இன்னொருவர் டிவிடியில் கொண்டுவந்து போட்டுக் கொடுத்தார், பெயர் வேண்டாம். இரண்டு வருடம் ஓடியது. மாசித் திருவிழாவுக்காக ஆறு அம்மன் பாட்டு முடித்து, கடைசி மிக்ஸிங் மட்டும் பாக்கி. கொடியேற்றத்துக்கு நான்கு நாள். காலையில் கம்ப்யூட்டரைப் போட்டால், ஆன்டிவைரஸ் ராத்திரியோடு ராத்திரியாக வேலை பார்த்திருந்தது. பூட்டை உடைக்கிற கிராக்கோடு வந்த ஒரு சின்ன ஃபைலை வைரஸ் என்று பிடித்து அழித்துவிட்டது. மென்பொருள் திறக்கவே இல்லை. ஆறு பாட்டும் உள்ளே. கமிட்டித் தலைவருக்குக் கேட்க அனுப்பியிருந்த இரண்டு எம்பி3 மட்டும் வெளியே. அந்த வருடம் தேருக்கு முன்னால் அந்த இரண்டு பாட்டே மாறி மாறி ஓடியது. ஊரே மனப்பாடம் செய்துவிட்டது.

அதற்குப் பிறகுதான் காசு கொடுத்தோ, இலவசமாகவோ, எதுவாக இருந்தாலும் நேர்வழியில் வருவதை மட்டும் வைத்துக்கொள்வது என்று முடிவு செய்தேன். தேடத் தொடங்கியதும் இன்னொன்று தெரிந்தது. இந்த மென்பொருள்கள் ஒவ்வொன்றும் ஒரு குறிப்பிட்ட ஆளை மனதில் வைத்துக் கட்டப்பட்டவை. கியூபேஸ் 1989-இல் அட்டாரி கம்ப்யூட்டரில் பிறந்தது. கீபோர்டுகளையும் ட்ரம் மெஷின்களையும் மிடி வழியாக, அதாவது சத்தத்தை அனுப்பாமல் எந்த நோட்டை எப்போது வாசிப்பது என்கிற குறிப்பை மட்டும் அனுப்பி, ஓட்டுகிறவருக்காக வந்தது. குரலெல்லாம் அதில் பிற்பாடு சேர்ந்ததுதான். இன்றும் அதில் நோட் நோட்டாகத் திருத்துவது அவ்வளவு சுகம். புரோ டூல்ஸ் டேப் வெட்டி ஒட்டிய ரெக்கார்டிங் என்ஜினியரின் கைப்பழக்கத்தை ஒட்டியது. ஏபில்டன் லைவ் 2001-இல் பெர்லினில் மேடைக்காரர்கள் செய்தது. பாட்டைத் துண்டு துண்டாக வைத்துக்கொண்டு, எது எப்போது வரவேண்டும் என்று வாசிக்கும்போதே முடிவு செய்யலாம். எஃப்எல் ஸ்டூடியோ பீட் போடுகிற பையன்களுக்குக் கோயில் மாதிரி. ஒரு முறை வாங்கினால் வாழ்நாள் முழுக்கப் புதுப் பதிப்புகள் இலவசம் என்பது பெரிய விஷயம். ஆனால் அதன் ஆகக் குறைந்த விலைப் பதிப்பை வாங்கிவிட்டுக் குரல் எடுக்கப் போனால் நடக்காது. வாங்கும் முன் எந்தப் பதிப்பில் என்ன உண்டு என்கிற அட்டவணையைப் பாருங்கள். இதே எச்சரிக்கை எல்லாருக்கும் பொருந்தும். மைக்கைக் கம்ப்யூட்டரோடு இணைக்கிற இன்டர்பேஸ் பெட்டியோடு இலவசமாக வருகிற 'லைட்' பதிப்புகளிலும் ட்ராக் எண்ணிக்கை போன்று ஏதாவது ஒன்றில் முடிச்சுப் போட்டிருப்பார்கள்.

மேக் வைத்திருப்பவர்களுக்கு யோசனையே வேண்டாம். கராஜ்பேண்ட் கூடவே வருகிறது. அது போதாமல் போகிற அன்றைக்கு லாஜிக். லாஜிக் ஒரு காலத்தில் விண்டோஸிலும் ஓடியது. 2002-இல் அதைச் செய்த எமாஜிக் என்ற ஜெர்மன் கம்பெனியை ஆப்பிள் வாங்கியதும் விண்டோஸ் பதிப்பு நின்றுபோனது. கம்ப்யூட்டரை மாற்றாமல் லாஜிக்குக்குப் போக முடியாது என்பதால் நான் அந்தப் பக்கம் போகவில்லை. சகவாசம் மட்டும் உண்டு. மிக்ஸிங்குக்கு என் பாட்டுகளை வாங்கிக்கொள்கிற சென்னை நண்பர் லாஜிக்காரர்.

ஆடாசிட்டியைப் பற்றி ஏளனமாகப் பேசுகிறவர்களை எனக்குப் பிடிக்காது. 1999-இல் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் இரண்டு பேர் தொடங்கியது, இன்றுவரை இலவசம். "வாருங்கள் வாருங்கள், ஆடித் தள்ளுபடி" என்று பேசி, மூச்சுச் சத்தத்தை வெட்டி, பின்னால் ஒரு மியூசிக்கைப் போட்டு முடிக்க இதைவிடச் சுருக்கமான வழி எனக்குத் தெரியாது. என் கடையில் ஆட்டோ விளம்பரம் முழுக்க இன்றும் அதில்தான். பாட்டென்று வந்தால்தான் சிரமம். கீபோர்டை மிடியாக எடுத்து நோட்டைத் திருத்துவது அதன் வேலை இல்லை.

இனி ஒரு பெரிய நம்பிக்கையைப் பற்றி. 'அதில் எடுத்தால் சவுண்டு கனமாக இருக்கும், இதில் எடுத்தால் மெல்லிசாக இருக்கும்' என்று குழுக்காரர்கள் சத்தியம் செய்வார்கள். நானும் செய்திருக்கிறேன். ஒரே குரல், ஒரே கீபோர்டு ட்ராக், இரண்டு மென்பொருளில் போட்டு, எந்த எஃபெக்டும் இல்லாமல் ஏற்றி இறக்கிக் கேட்டேன். ஒன்றில் குரல் உண்மையிலேயே முன்னால் நின்றது. இதோ பார் என்று வீட்டில் எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினேன். அம்மாகூட "ஆமாப்பா, இதுல நல்லாருக்கு" என்றார்.

இரண்டு நாள் கழித்துத்தான் காரணம் பிடிபட்டது. பேன் லா என்று ஒரு அமைப்பு இருக்கிறது. ஒரு மோனோ குரலை நட்ட நடுவில் வைக்கும்போது இடது ஸ்பீக்கரிலும் வலது ஸ்பீக்கரிலும் அது வருவதால் சத்தம் கூடிவிடும் என்று, சில மென்பொருள்கள் தாமாகவே 3 டெசிபல் குறைக்கும். சில குறைக்காது. நான் கனம் என்று நினைத்தது குறைக்காமல் விட்ட அந்த 3 டெசிபல். இரண்டையும் ஒரே அமைப்பில் வைத்து மறுபடி ஏற்றுமதி செய்து, இரண்டு வேவ் ஃபைலையும் ஒரே ப்ராஜெக்டில் மேலும் கீழுமாக வைத்து, ஒன்றின் போலாரிட்டியைத் திருப்பி, அதன் அலையைத் தலைகீழாக்கிவிட்டேன். இரண்டும் ஒன்றாக இருந்தால் ஒன்றை ஒன்று அழித்துக்கொள்ள வேண்டும். ப்ளே அழுத்தினேன். ஒரு சத்தமும் இல்லை. மீட்டர்கூட அசையவில்லை. இது நீங்களும் பத்து நிமிடத்தில் செய்து பார்க்கக்கூடியது. சவுண்டுக்காக மென்பொருள் மாற்ற நினைப்பவர் முதலில் இதைச் செய்து பார்க்கட்டும். சவுண்டு மைக்கிலும், அறையிலும், பாடுகிறவர் தொண்டையிலும் இருக்கிறது. என் அறையில் பாதி சவுண்டு இலவம்பஞ்சில் இருக்கிறது.

அடுத்தது தாமதம். பாடுகிறவர் ஹெட்போனில் தன் குரலையே கொஞ்சம் பிந்திக் கேட்டால் பாட்டு தள்ளாட ஆரம்பித்துவிடும். "என்னமோ எக்கோ அடிக்குது தம்பி" என்பார்கள். கம்ப்யூட்டர் சத்தத்தைச் சின்னச் சின்ன வாளியாக அள்ளி அள்ளி வேலை செய்கிறது. அந்த வாளிக்குப் பெயர் பஃபர். நொடிக்கு 44,100 சாம்பிள் என்னும்போது, 1024 சாம்பிள் பிடிக்கிற வாளி நிறைய 23 மில்லிசெகண்டு ஆகும். உள்ளே வர ஒன்று, வெளியே போக ஒன்று என்று 46 மில்லிசெகண்டு. சத்தம் காற்றில் ஒரு மீட்டர் போக ஏறக்குறைய 3 மில்லிசெகண்டு ஆகிறது. அப்படியானால் உங்கள் குரல் உங்களுக்குப் பதினைந்து மீட்டர் தள்ளியிருக்கிற ஸ்பீக்கரிலிருந்து கேட்கிற மாதிரி. பொருட்காட்சி மேடையில், மானிட்டர் கெட்டுப்போன ஒரு ராத்திரி, தூரத்து ஸ்பீக்கரைக் கேட்டு வாசித்தவர்களுக்கு இந்தக் கொடுமை தெரியும். வாளியை 128 ஆகக் குறைத்தால் போக வர 6 மில்லிசெகண்டுக்குள் வந்துவிடும். ஆனால் பழைய கம்ப்யூட்டர் அவ்வளவு வேகமாக அள்ள முடியாமல் 'டிக் டிக்' என்று சிந்தும்.

இதற்கும் மென்பொருளுக்கும் சம்பந்தம் குறைவு. விண்டோஸில் இது ஏஸியோ டிரைவரின், அதாவது இன்டர்பேஸுக்கும் மென்பொருளுக்கும் நடுவில் சத்தத்தைக் கடத்துகிற சின்ன நிரலின், வேலை. கியூபேஸைச் செய்த ஸ்டைன்பெர்க் கம்பெனி 1997-இல் கொண்டுவந்தது அது. அதற்கு முந்தின வருடம் மென்பொருளுக்குள் எஃபெக்ட் போன்றவற்றைத் தனியாகச் செருகிக்கொள்கிற விஎஸ்டி ப்ளக்-இன் முறையையும் அவர்களே கொண்டுவந்தார்கள். நீங்கள் கியூபேஸையே தொடாவிட்டாலும் அவர்கள் போட்ட ரோட்டில்தான் போய்க்கொண்டிருப்பீர்கள். உங்கள் இன்டர்பேஸோடு வருகிற சொந்த ஏஸியோ டிரைவரைப் போடுங்கள். அதோடு, இன்டர்பேஸில் டைரக்ட் மானிட்டர் என்று ஒரு திருகோ பட்டனோ இருக்கும். அதைப் போட்டால் பாடுகிறவர் குரல் கம்ப்யூட்டருக்குள் போகாமலேயே நேராக ஹெட்போனுக்குப் போய்விடும். அப்போது மென்பொருளில் அந்த ட்ராக்கின் மானிட்டரை அணைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் குரல் இரண்டாகக் கேட்கும். என்னிடம் எக்கோ என்று புலம்பியவர்களில் பாதிப் பேருக்கு இதுதான். புது மென்பொருள் வாங்க இருந்தவரை ஒரு பட்டனோடு வீட்டுக்கு அனுப்பியிருக்கிறேன்.

சரி, சவுண்டும் ஒன்று, தாமதமும் வேறு இடத்துச் சங்கதி என்றால் மென்பொருளை எதை வைத்துத்தான் தேர்ந்தெடுப்பது? எனக்கு இரண்டு விஷயம் முடிவு செய்து கொடுத்தன. ஒன்று அந்த அக்கா. இன்னொன்று ஒரு தவில்கார அண்ணன்.

அண்ணன் உறுமியும் வாசிப்பார், பம்பையும் வாசிப்பார். அம்மன் பாட்டுக்கு அவரை உட்கார வைத்து, ஹெட்போனில் கிளிக் போட்டுவிட்டேன். இரண்டு நிமிடம் வாசித்தார். ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"இந்த டொக்கு டொக்கு எதுக்குப்பா?"

"தாளத்துக்குண்ணே. எல்லாம் ஒரே ஸ்பீடுல நிக்கணும்ல."

"தாளத்துக்குத்தான என்னையக் கூப்பிட்ட?"

பதில் சொல்ல முடியவில்லை. கும்மியும் சாமியாட்டப் பாட்டும் ஒரே வேகத்தில் நிற்கக் கூடாதவை. அக்காவின் பாட்டை அளந்து பார்த்தேன். தொடங்கும்போது நிமிடத்துக்கு 92 தட்டு, முடிக்கும்போது 108. வேகம் கூடுவதுதான் அந்தப் பாட்டு. அதை 96-இல் கட்டிப்போட்டால் பள்ளிக்கூட ஆண்டு விழா மாதிரி ஆகிவிடும். ஆனால் எனக்கோ பின்னால் கீபோர்டு சேர்க்க வேண்டும், திரும்பத் திரும்ப ஓடுகிற தபேலா லூப் சேர்க்க வேண்டும். அதற்கு மென்பொருளுக்குத் தாளம் எங்கே விழுகிறது என்று தெரிய வேண்டும்.

இங்கேதான் ரீப்பர் என்கிற மென்பொருள் எனக்குப் பிடித்துப்போனது. கிளிக் இல்லாமல் அவர்கள் இஷ்டத்துக்குப் பாட விட்டு எடுத்துக்கொள்வேன். அப்புறம் ப்ராஜெக்ட் அமைப்பில் டைம்பேஸ் என்பதை 'டைம்' என்று மாற்றிவிடுவேன். இதை மறந்தால் அடுத்து செய்கிற ஒவ்வொரு மாற்றத்துக்கும் குரல் இழுபட்டு நகர்ந்துவிடும். ஒரு முறை மறந்து, அக்காவின் குரல் சவ்வு மிட்டாயாகிப் போனது. அலைவடிவத்தில் கைதட்டு ஒவ்வொன்றும் ஊசி மாதிரி நிற்கும். ஓர் ஆவர்த்தத்தின் முதல் தட்டிலிருந்து அடுத்த ஆவர்த்தத்தின் முதல் தட்டு வரை இழுத்துத் தேர்ந்தெடுத்து, இதை ஒரு மெஷராக ஆக்கு என்று கட்டளை கொடுத்தால் போதும், வேகத்தை அதுவே கணக்கிட்டுக் கோட்டைப் போட்டுக்கொள்ளும். ஒரு பாட்டுக்கு அரை மணி நேர வேலை. பொறுமையாகச் செய்துவிட்டால் கீபோர்டும் லூப்பும் அக்கா வேகம் கூட்டுகிற இடத்தில் தாமும் கூட்டிக்கொண்டு போகும். கியூபேஸும் லாஜிக்கும் இதைத் தாமாகவே கண்டுபிடிக்கிற வசதி வைத்திருக்கின்றன. ட்ரம்ஸ் பாட்டுக்கு அருமையாக வேலை செய்யும். நண்பர் வீட்டில் உறுமியைக் கொடுத்துப் பார்த்தேன். உறுமியின் அந்த இழுவை நாதத்தைக் கேட்டு அது குழம்பிவிட்டது, பாவம். கையால் கோடு போடுவதே எனக்குச் சரி.

ரீப்பரை எழுதியவர் ஜஸ்டின் ஃபிராங்கல். வினாம்ப்பைச் செய்த அதே ஆள். எம்பி3 சிடி பிளாட்பாரத்தில் விற்ற காலத்தில் எல்லா பிரவுசிங் சென்டரிலும் ஓடியதே, அந்த வினாம்ப். அவர் கை ரீப்பரிலும் தெரிகிறது. இன்ஸ்டால் செய்கிற ஃபைல் சில சினிமாப் பாட்டு எம்பி3-க்களின் கனம்தான். என் எட்டு வருட லேப்டாப்பில் சில நொடியில் திறந்துவிடும். பென் டிரைவிலேயே வைத்து ஓட்டலாம் என்பதால், அறைக்கு வர முடியாத பெரியவர்கள் வீட்டுக்கு நானே லேப்டாப்பும் மைக்குமாகப் போய்விடுவேன். அழகு கிடையாது. முதலில் பார்ப்பவருக்கு அரசாங்க அலுவலக ரிஜிஸ்டர் மாதிரி இருக்கும். மெனுவுக்குள் மெனு, அதற்குள் இன்னொரு மெனு. கூடவே இசைக்கருவிகளும் அதிகம் வராது. கீபோர்டு சத்தங்களுக்கெல்லாம் வேறு இடம் பார்க்க வேண்டும். எடுத்தவுடன் ஐந்நூறு ட்ரம் சத்தம் வேண்டும் என்கிறவர்களுக்கு இதை நான் சொல்வதே இல்லை.

60 நாள் சோதனைக்குத் தருகிறார்கள். 60 நாள் முடிந்தாலும் பூட்டுவதில்லை. திறக்கும்போது ஒரு சின்ன ஜன்னல் வந்து, வாங்கவில்லையே என்று நினைவூட்டிவிட்டுச் சில நொடி காக்க வைக்கும், அவ்வளவுதான். விலை 60 டாலர், நம் கணக்கில் ஐயாயிரத்துச் சொச்சம். சொந்த உபயோகத்துக்கு மட்டும் வைத்திருக்கிற தனி ஆளுக்கும், வருடத்துக்கு 20,000 டாலருக்கு மேல் வருமானம் பார்க்காத சின்னத் தொழிலுக்கும் அந்த விலை. அதற்கு மேலே போனால் 225. என் வருமானத்தை நினைத்துச் சிரித்துவிட்டு 60-ஐத்தான் கட்டினேன். அதையும் கட்டாமல் எட்டு மாதம் ஓட்டினேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஒவ்வொரு நாளும் அந்த ஜன்னல் வந்து மரியாதையாகக் கேட்கும். கடன் கொடுத்தவர் வாசலில் நின்று சத்தம் போட்டால் சமாளித்துவிடலாம். "பரவாயில்ல, மெதுவாக் குடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனால் தூக்கம் வராது. கட்டிவிட்டேன்.

அக்கா சமாசாரத்துக்கு வருகிறேன். ரீப்பரில் ஒரு ப்ராஜெக்ட்டை வார்ப்பாக வைத்து, எப்போது திறந்தாலும் அதே அமைப்பில் திறக்கச் சொல்லலாம். என் வார்ப்பில் இரண்டு ட்ராக். குரல் மைக் ஒன்று, தாளத்துக்கு ஒன்று. இரண்டும் எந்த இன்புட் என்று ஏற்கனவே சொல்லிவைத்து, பதிவுக்குத் தயாராகச் சிவப்பில் இருக்கும். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ். திறந்ததும் கண்ட்ரோலும் ஆரும் அழுத்தினால் ஓட ஆரம்பித்துவிடும். கேள்வி எதுவும் கிடையாது. மற்ற மென்பொருள்களிலும் இந்த மாதிரி வார்ப்பு வைக்கலாம். அன்றைக்கு அது எனக்குத் தெரிந்திருந்தால் அந்தப் பாட்டு இன்று என்னிடம் இருந்திருக்கும். தெரியவில்லை. லெவலை மட்டும் நன்றாகக் குறைத்தே வைத்திருப்பேன். கும்மிக்காரர்கள் மெல்ல ஆரம்பித்து, குலவை போடும்போது திடீரென்று மீட்டரை உடைத்துவிடுவார்கள். ஆக மெல்லிய சத்தத்துக்கும் ஆகப் பெரிய சத்தத்துக்கும் நடுவில் 16 பிட்டில் 96 டெசிபல் இடம் என்றால் 24 பிட்டில் 144. குறைவாக எடுத்துப் பின்னால் ஏற்றினாலும் இரைச்சல் கூட வராத அளவுக்கு இடம் இருக்கிறது. மீட்டர் சிவப்பைத் தொட வேண்டும் என்று கேசட் காலத்தில் கற்ற பழக்கத்தை விட எனக்கு இரண்டு வருடம் ஆனது.

மென்பொருள் நம்மை விட்டுப் போய்விடுமோ என்ற பயம் ஒரு தடவை சூடுபட்டவனுக்குப் போகாது. கேக்வாக் என்று ஒன்று இருந்தது. 1987-இல் டாஸ் காலத்திலேயே வந்தது, பிற்பாடு சோனார் என்று பெயர் எடுத்தது. 2013-இல் கிடார் கம்பெனியான கிப்சன் வாங்கியது. 2017 நவம்பரில் இனிமேல் கிடையாது என்று அறிவித்தார்கள். முப்பது வருடப் பழக்கம். அடுத்த வருடமே பேண்ட்லேப் என்ற சிங்கப்பூர் கம்பெனி அதை வாங்கி, இலவசமாகவே விட்டது. எல்லாவற்றுக்கும் அப்படி ஒரு மறுபிறவி கிடைக்கும் என்று நம்பிக்கொண்டிருக்க முடியாது. அதனால் பாட்டு முடிந்த அன்றே ஒவ்வொரு ட்ராக்கையும், அது பாட்டின் நடுவில் தொடங்குவதாக இருந்தாலும், பூஜ்யம் நொடியிலிருந்து தனித்தனி வேவ் ஃபைலாக வெளியே எடுத்து வைத்துவிடுகிறேன். எல்லாம் ஒரே புள்ளியில் தொடங்கினால் எந்த மென்பொருளில் போட்டாலும் வரிசையாக வந்து உட்காரும். சென்னை நண்பருக்கும் இப்படித்தான் அனுப்புகிறேன். அவருடைய லாஜிக்கும் என் ரீப்பரும் இதுவரை சண்டை போட்டதில்லை.

ரீப்பரின் ப்ராஜெக்ட் ஃபைல் வெறும் எழுத்து என்பது இன்னொரு நிம்மதி. ஹார்டு டிஸ்க்கை மாற்றியபோது டி டிரைவ் இ டிரைவாகிப் போய், பழைய ப்ராஜெக்ட் ஒன்று குரலைக் காணோம் என்றது. ஃபைலை நோட்பேடில் திறந்தேன். எந்தக் குரல் எங்கே இருக்கிறது என்று வரி வரியாக எழுதியிருந்தது. டி-யை எல்லாம் இ ஆக்கி, சேமித்து, திறந்தேன். பாட்டு வந்துவிட்டது. ஜெராக்ஸ் கடைக்காரனுக்குப் புரிகிற ரிப்பேர்.

சுருதி திருத்துவதைப் பற்றியும் கேட்பார்கள். எல்லா மென்பொருளிலும் ஏதோ ஒரு வடிவில் உண்டு, ரீப்பரிலும் உண்டு. தானாகத் திருத்தச் சொன்னால் அக்கா ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்குச் சறுக்கி இறங்குகிற இடத்தையெல்லாம் படிக்கட்டாக்கிவிடும். கோரஸில் ஒரு பிள்ளை தவறிய இடத்தை மட்டும் கையால் பிடித்துத் தள்ளுவேன். அதற்கு மேல் தொடுவதில்லை.

ஆகவே போனில் கேட்பவர்களிடம் இப்போது நான் திருப்பிக் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: நேற்று உங்கள் அறைக்கு யார் வந்தார்கள், அவர்களை என்ன செய்தீர்கள்? பீட் போட்டேன் என்றால் எஃப்எல். நோட் நோட்டாக ஆர்க்கெஸ்ட்ரா எழுதினேன் என்றால் கியூபேஸ், மேக் இருந்தால் லாஜிக். விளம்பரம் பேசினேன் என்றால் ஆடாசிட்டியே தாராளம், காசை மைக்கில் போடுங்கள். இன்னும் யாரும் வரவில்லை என்பவரிடம் எதையும் வாங்கச் சொல்வதில்லை. இலவசமாகக் கிடைப்பதில் தங்கச்சியையோ தாத்தாவையோ உட்கார வைத்து ஒரு பாட்டு எடுங்கள், எங்கே எரிச்சல் வருகிறது என்று பார்த்து வையுங்கள், அப்புறம் பேசலாம் என்பேன். சிலர் கோபித்துக்கொள்கிறார்கள். பெயர் கேட்டால் பெயர் சொல்ல வேண்டியதுதானே என்கிறார்கள்.

போன ஆடியில் அக்கா மறுபடி வந்தார். கூட அவருடைய மதினி. படியில் காலடி கேட்டதுமே கண்ட்ரோல், ஆர் இரண்டு விசையையும் அழுத்திவிட்டேன். உள்ளே வந்ததும், "அக்கா, மைக் ஓடிக்கிட்டிருக்கு" என்று சொன்னேன். "ஓடட்டும்" என்று சொல்லிவிட்டுச் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். சில்லறை கொடுக்காத கண்டக்டரைப் பத்து நிமிடம் வைதார். மதினிக்கு முழங்கால் வலி. அம்மா வந்து காப்பியா டீயா என்று கேட்டார். டம்ளர் வைக்கிற சத்தம். மதினி ஏதோ ஒரு வரியை எடுத்துக் கொடுத்து, இதுதானே என்று கேட்க, அக்கா இல்லை என்று திருத்தி, திருத்திய இடத்திலிருந்து அப்படியே பாட ஆரம்பித்தார். மதினி குலவை போட்டார். இரண்டு பேரும் கை தட்டினார்கள். ஃபேனை நிறுத்த மறந்திருந்தேன். அது ஓடுகிற சத்தமும் லேசாக உள்ளே இருக்கிறது.

முடிந்ததும் பழைய ஞாபகத்தில் அக்கா என்னைச் சந்தேகமாகப் பார்த்தார்.

"எடுத்தியா, இல்லையா?"

முதலிலிருந்து போட்டுக் காட்டினேன். கண்டக்டர் வந்ததும் மதினி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "இதையெல்லாமா எடுப்பாக?" என்று அக்கா தலையில் அடித்துக்கொண்டார். இரண்டு மைக், 41 நிமிடம், 700 எம்பி. அதில் பாட்டு 4 நிமிடம். மிச்சத்தையும் அழிக்கவில்லை. கண்டக்டரைத் திட்டியது மட்டும் தனி ட்ராக்கில் இருக்கிறது. ட்ராக்கின் பெயர், பஸ்.